மீனின் பெயரைச் சுமந்த ஊரும் மீனைக் காக்க வந்த சங்கமும்

(சற்றே நீண்ட பதிவு. சூழலியல் வரலாற்றிலும் இடப்பெயர் ஆய்விலும் ஆர்வமுள்ள நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.)

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், ஹியூரான் ஏரியை நோக்கி ஓடும் ஓசாபிள் என்னும் ஆற்றின் கரையில் கிரேலிங் என்றோர் ஊர் இருக்கிறது. கிரேலிங் என்பது ஒரு மீனின் பெயர். 1870களில் இருப்புப்பாதை அங்கு வந்து சேர்ந்தபோது அந்த ஆற்றில் கிரேலிங் மண்டிக் கிடந்தது; ஊருக்கும் அதன் பெயரே நிலைத்தது. இன்று அந்த மீன் அந்த ஆற்றில் இல்லை. இல்லாமற்போய் நூறாண்டுகளுக்கும் மேலாகிறது. இடப்பெயர்களை ஆராய்வோருக்கு இதில் வியப்பேதும் இராது. சென்னையின் புளியந்தோப்பில் இறங்கிப் புளியமரங்களைத் தேடுவோர் யாருமில்லை. இயற்கை கைவிட்டதையும் பெயர் கைவிடுவதில்லை. ஆனால் கிரேலிங் ஊரின் கதையில் ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. மீனை இழந்த அதே ஆற்றங்கரையில்தான், பின்னாளில் அமெரிக்காவின் முதன்மையான மீன்காப்புச் சங்கங்களுள் ஒன்று பிறந்தது. அச்சங்கம் காத்தது கிரேலிங்கை அன்று. வேறு நாடுகளிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய ட்ரவுட் மீன்களை.

முதலில் ஆற்றைப் பற்றிச் சில சொற்கள். ஓசாபிள் என்னும் பிரெஞ்சுப் பெயருக்கு மணலாறு என்பது பொருள். பனியாறுகள் விட்டுச்சென்ற மணல்வெளியின் ஊடே ஓடுவதால், மழைநீரைவிட நிலத்தடி ஊற்றுநீரையே இவ்வாறு பெரிதும் நம்பியிருக்கிறது. எனவே வெள்ளப்பெருக்கும் குறைவு, வறட்சியும் குறைவு. கோடையிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். ட்ரவுட், சால்மன் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த கிரேலிங்குக்கு இதைவிட ஏற்ற வாழிடம் அமைவதரிது. பாய்மரம்போல் விரிந்த முதுகுத்துடுப்பு அதன் அடையாளம். பிடித்த கையில் தைம் என்னும் மூலிகையின் வாசம் வீசும் என்பார்கள். அறிவியல் பெயரின் முற்பகுதியான தைமாலஸ் அந்த மூலிகையின் பெயரோடு தொடர்புடையது. (நம் ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் அந்த மூலிகையிலும் இருக்கிறது. ஆகவே அந்த வாசத்தைத் தமிழ் வாசகர் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.)

இந்த மீனை அழித்தது எது? தூண்டில் என்பது எளிய விடை. அதில் உண்மை இல்லாமலில்லை. கிரேலிங் இரையைக் கண்டால் தயங்காது கவ்வும் மீன். இரயிலேறி வந்தவர்கள் உண்ண முடிந்ததைவிடப் பன்மடங்கு பிடித்துக் குவித்தார்கள். எஞ்சியவை பீப்பாய்களில் அடைக்கப்பட்டுச் சிகாகோவின் உணவகங்களுக்குப் போயின. எனினும் தூண்டிலைவிடக் கொடியது கோடரி. ஆற்றின் இருமருங்கிலும் நின்ற வெண்பைன் காடுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. பனிக்காலத்தில் வெட்டிய மரங்களைக் கரையில் அடுக்கி வைத்து, இளவேனிலில் பனி உருகி நீர் உயரும்போது ஆற்றில் உருட்டிவிடுவது வழக்கம். கிரேலிங் முட்டையிடுவதும் அதே இளவேனிலில்தான். ஆயிரக்கணக்கான அடிமரங்கள் ஆற்றின் சரளைப் படுகையை உழுதுகொண்டு சென்றபோது முட்டைகளும் உடன் சென்றன. மரங்கள் தடையின்றி மிதக்க வேண்டும் என்பதற்காக ஆற்றில் இயல்பாக விழுந்துகிடந்த மரங்களும் அகற்றப்பட்டன. கரைகளில் நிழல் போயிற்று, வேர்ப்பிடிப்பு போயிற்று, மணல் சரிந்து, எஞ்சிய சரளையையும் மூடியது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் ஓசாபிளில் கிரேலிங் ஏறக்குறைய மறைந்தது. 1930களில் மிச்சிகனின் எந்த ஆற்றிலும் அது இல்லை.

இழப்பை அன்றைய மனிதர்கள் உணராமலில்லை. ஆனால் அவர்கள் அறிந்த மருந்து ஒன்றே ஒன்று: மீன் குறைந்தால் மீனைக் கொண்டுவந்து விடு. கலிபோர்னியாவைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட் வந்தது. கிழக்குப் பகுதி ஓடைகளின் ப்ரூக் ட்ரவுட் வந்தது. ஜெர்மனியின் ஃபொன் பெர் என்னும் பிரபு அனுப்பிய முட்டைகளிலிருந்து பொரித்த பழுப்பு ட்ரவுட் குஞ்சுகள் 1884இல் மிச்சிகனின் மேற்குப் பகுதியிலுள்ள பால்ட்வின் ஆற்றில் விடப்பட்டன. அமெரிக்க ஆறுகளில் பழுப்பு ட்ரவுட் பரவிய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1914இல், கிரேலிங் ஊரிலேயே, ராஸ்மஸ் ஹான்சன் என்பவர் முன்னின்று ஒரு குஞ்சு பொரிப்பகம் நிறுவப்பட்டது. கிரேலிங் மீனை மீட்பது அதன் நோக்கம். ஹான்சன் மரவணிகர், கரைக்காடுகளை வெட்டி விற்ற தொழிலின் பெருந்தலைகளுள் ஒருவர். இதைக் கழுவாய் என்பதா, விளம்பரம் என்பதா என்று ஆவணங்களை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுவது கடினம். மனித மனத்தில் இரண்டும் ஒருங்கே குடியிருக்கக் கூடியவைதாம். எப்படியாயினும் கிரேலிங் மீளவில்லை. பொரிப்பகம் ட்ரவுட் வளர்ப்புக்கு மாறியது. 1920களில் அரசின் கைக்குச் சென்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த மருந்தே ஒரு பெருந்தொழிலாயிற்று. சிற்றுந்து வாங்கும் வசதி பெற்ற நடுத்தர வர்க்கம் வாரயிறுதிகளில் ஆற்றை நோக்கித் திரண்டது. உரிமக் கட்டணம் செலுத்தியவர் வெறுங்கையுடன் திரும்பலாகாது என்பது துறையின் கவலை. எனவே தொட்டிகளில் தீவனமிட்டு, பிடிக்கத்தக்க அளவுக்கு வளர்த்த மீன்களை லாரிகளில் ஏற்றிவந்து ஆற்றில் கொட்டினார்கள். காலையில் கொட்டிய மீன் மாலையில் வாணலியில் கிடக்கும். ஆறு என்பது ஓடுகின்ற கடைத்தட்டு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. படுகையில் மணல் மூடியிருக்கிறதா, நீர் சூடேறுகிறதா என்பதெல்லாம் கேட்க வேண்டாத கேள்விகளாயின. அடுத்த வாரமும் லாரி வருமே.

இந்தப் பின்னணியில்தான் 1959 ஜூலையில், ஓசாபிள் கரையில் ஜார்ஜ் கிரிஃபித் என்பவரின் வீட்டில் 16 பேர் கூடினார்கள். கிரிஃபித் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினர். துறையின் போக்கை உள்ளிருந்து பார்த்தவர். அவருடைய நண்பர் ஜார்ஜ் மேசன், வாகனத் தொழிலில் பெரும்பதவி வகித்தவர். வாத்துகளின் வாழிடங்களைக் காக்கும் டக்ஸ் அன்லிமிடெட் அமைப்பிலும் தலைமை வகித்தவர். வாத்துக்கு இருப்பதுபோல் ட்ரவுட்டுக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் இவ்விருவரின் உரையாடலில் முளைத்தது. மேசன் 1954இல் மறைந்தார். ஓசாபிளின் தென்கிளையில் தமக்கிருந்த 1,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை, அதைக் காட்டுநிலமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மாநிலத்துக்கு எழுதிவைத்துவிட்டுச் சென்றார். 1959இல் கூடியவர்கள் தொடங்கிய அமைப்புக்கு ட்ரவுட் அன்லிமிடெட் என்று பெயரிட்டார்கள். வரம்பற்ற ட்ரவுட் என்று பொருள்படும் பெயர் கொண்ட அமைப்பு முதன்முதலாகக் கேட்டது வரம்புகளைத்தான் என்பது மொழி படித்தவரின் கண்ணுக்குத் தப்பாது.

அந்த 16 பேரில் ஆர்ட் நியூமன் என்பவர் சகினா நகரில் தூண்டிற்கோல் செய்து விற்றவர். ஊரின் பெயரை ஆங்கில எழுத்துகளில் கடைசியிலிருந்து படித்தால் வரும் வனிகஸ் என்பதே அவர் கடையின் பெயர். பிற்பாடு அமைப்பின் செயல் இயக்குநராக இருந்தவரும் அவரே. மீனைப் பார்த்துக்கொண்டால் மீன்பிடிப்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற கருத்தை அமைப்பின் உயிர்மூச்சாக்கியவர் அவர். தூண்டில் விற்றுப் பிழைப்பவர் குறைவாகப் பிடியுங்கள் என்று கூறுவதில் உள்ள முரணை எண்ணிப்பாருங்கள். வாடிக்கையாளர்கள் பலர் அதை இரசித்திருக்க வாய்ப்பில்லை.

அமைப்பின் முதற்போர் ஆலைகளோடு அன்று. மாநில மீன்வளத் துறையோடு. லாரிகளை நிறுத்துங்கள் என்றார்கள். தொட்டியில் வளர்ந்த மீனுக்கு ஓட்டத்தை எதிர்த்து நிற்கத் தெரியாது. இரை தேடத் தெரியாது. ஆனால் கூட்டமாக வந்து ஆற்றில் பிறந்த மீனின் இடத்தைக் கலைக்கத் தெரியும். அந்தப் பணத்தை ஆற்றைச் சீர்செய்யச் செலவிட்டால் ஆறே மீனைப் பிறப்பிக்கும் என்பது அவர்கள் வாதம். மீன்பிடிப்போரின் சங்கமே மீன் விடாதே என்று கேட்டதைப் பிற மீன்பிடிப்போர் துரோகமாகப் பார்த்தார்கள். எனினும் 1960களின் நடுவில் மிச்சிகன் தன் ட்ரவுட் ஆறுகளில் பிடிக்கத்தக்க அளவு வளர்த்த மீன்களை விடும் வழக்கத்தைக் கைவிட்டது. வாதத்துக்கு வலுவான அறிவியற்சான்று சற்றுப் பிந்தி மொன்டானா மாநிலத்திலிருந்து வந்தது. டிக் வின்சென்ட் என்னும் உயிரியலாளர் மேடிசன் ஆற்றிலும் ஓடெல் ஓடையிலும் கணக்கெடுத்து, வளர்ப்பு மீன் விடுவதை நிறுத்திய இடத்தில் ஆற்றில் பிறந்த ட்ரவுட் பெருகுவதையும், புதிதாக விடத் தொடங்கிய இடத்தில் அது குறைவதையும் காட்டினார். 1974இல் மொன்டானா தன் ட்ரவுட் ஆறுகளில் மீன் விடுவதையே நிறுத்தியது. காப்பு வரலாற்றில் இதை ஒரு திருப்பமாகவே கருதுகிறேன். அதுவரை காப்பு என்றால் சேர்ப்பது; அதன்பின் காப்பு என்றால் சில வேளைகளில் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் ஆயிற்று.

கையைக் கட்டிக்கொள்வது மீன் விடும் காரியத்தில் மட்டுமே. மற்றபடி இத்தகைய சங்கங்களின் உள்ளூர்க் கிளைகளில் நடப்பது சேற்றில் இறங்கிச் செய்யும் உடலுழைப்பு. ட்ரவுட் அன்லிமிடெட்டுக்கு இன்று அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 400 கிளைகள் உள்ளன; பெரும்பாலானவற்றை ஊதியமற்ற தொண்டர்களே நடத்துகிறார்கள். ஓசாபிள் போன்ற ஆற்றில் முதல் வேலை மணலோடுதான். படுகையில் ஆழமான குழி ஒன்றைத் தோண்டிவிட்டால், உருண்டுவரும் மணல் அதில் விழுந்து தங்கும். குழி நிறைந்ததும் வாரி எடுத்துவிட்டு மீண்டும் காத்திருக்க வேண்டும். கீழ்ப்புறத்தில் புதைந்துகிடந்த சரளை மெல்ல வெளிப்படும். ட்ரவுட் முட்டையிட அதுவே வேண்டும். சரிந்த கரைகளில் கல்லடுக்கி, மரம் நட்டு, நிழலை மீட்பார்கள். படகுகளும் கால்நடையும் இறங்கிச் சிதைந்த துறைகளுக்குப் படிகள் அமைப்பார்கள்.

அடுத்தது மரம். ஆற்றில் விழுந்த மரத்தின் அடியில் நீர் சுழன்று பள்ளம் பறிக்கும். அப்பள்ளத்தில் பெரிய மீன் ஒதுங்கும். கிளைகளில் பாசியும் பூச்சியும் ஒட்டும். மரவெட்டுக் காலத்தில் தடை என்று அகற்றியவற்றை, இன்று வேரோடும் கிளையோடும் கொண்டுவந்து ஆற்றில் கிடத்துகிறார்கள். தாத்தாக்கள் கூலி வாங்கிக்கொண்டு செய்ததைப் பேரர்கள் கூலியின்றித் திரும்பச் செய்கிறார்கள். கரையோர மாளிகைகளின் உரிமையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துப்புரவான ஆறு என்றால் அவர்கள் கண்ணுக்குக் கிளைகளற்ற, கண்ணாடிபோன்ற நீர்ப்பரப்பு. மீனின் கண்ணுக்கு அது பாலைவனம்.

இவற்றோடு கணக்கெடுப்பும் உண்டு. வலைகொண்டு படுகையைக் கிளறி, மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் ஆகிய பூச்சிகளின் இளவுயிரிகளை வெண்தட்டில் கொட்டி எண்ணுவார்கள். மாசுக்கு முதலில் மடிபவை அவை. ஆகவே அவற்றின் எண்ணிக்கையே ஆற்றின் நாடி. வெப்பமானிகளை நீரில் பதித்துக் கோடை முழுவதும் அளவுகளைப் பதிவார்கள். பள்ளிகளுக்கு முட்டைகளைத் தந்து, வகுப்பறைத் தொட்டியில் குஞ்சு பொரிப்பதைப் பிள்ளைகள் காணச் செய்வார்கள். ஆண்டுக்கொருமுறை ஆற்றின் நெடுகச் சென்று குப்பை பொறுக்குவார்கள். படிக்கும்போது இவை சலிப்பூட்டுவன. செய்யும்போதும் சலிப்பூட்டுவனவே என்று ஊகிக்கிறேன். ஆனால் நீதிமன்றத்தில் சொல்லுக்கு எடை தருபவை இந்தச் சலிப்பூட்டும் அட்டவணைகள்தாம்.

நீதிமன்றத்துக்குப் போகவும் நேர்ந்தது. 1987இல் ரஸ்டி கேட்ஸ் என்பவரை முன்னிட்டு ஓசாபிளுக்கென்றே ஆங்லர்ஸ் ஆஃப் தி ஓசாபிள் என்ற தனிச்சங்கம் உருவானது. பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிட வேண்டும் என்ற விதியை ஆற்றின் ஒரு பகுதியில் கொண்டுவர அது போராடியது. மேசன் விட்டுச்சென்ற நிலத்தையொட்டி எரிவாயுக் கிணறு தோண்ட நடுவண் அரசின் வனத்துறை அனுமதித்தபோது வழக்காடி, 2008இல் சாதகமான தீர்ப்புப் பெற்றது. வேறோர் ஆற்றின் வடிநிலத்தில் மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்திகரித்து, ஓசாபிளின் தலைப்பகுதி ஓடையொன்றில் விட முயன்ற திட்டத்தை எதிர்த்து மிச்சிகன் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2010 டிசம்பரில் வென்றது. சில மாதங்களில், நீதிபதிகளின் அமர்வு மாறியபின், 2011இல் அத்தீர்ப்பே விலக்கிக்கொள்ளப்பட்டது. வாழிடத்தை மீட்கப் பல்லாண்டுகள் ஆகின்றன. சட்டப் பாதுகாப்பு ஒரு குளிர்காலத்தில் கரைந்துவிடுகிறது.

இவ்வழக்குகளுள் எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுவது கடைசியாக வந்தது. 1914இல் ஹான்சன் நிறுவிய அதே பொரிப்பகம், பல கை மாறி, 2010களில் வணிக மீன்பண்ணைக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டுக்கு 3,00,000 பவுண்டு வரை ட்ரவுட் வளர்க்க அதற்கு மாநில அரசு அனுமதி அளித்தது. பண்ணையின் வழியே பாயும் நீர், மீன்கழிவோடும் நோய்க்கிருமி அச்சத்தோடும், ஓசாபிளில் சேரும். சங்கம் மீண்டும் வழக்காடியது. 2018இல் ஏற்பட்ட சமரசத்தின்படி பண்ணைத் தொழில் அங்கே முடிவுக்கு வந்தது. மீனை மீட்க எழுந்த கட்டடத்திலிருந்தே மீனைக் காக்க வேண்டியதாயிற்று.

இனி ஒரு சங்கடமான கேள்வி. இச்சங்கங்களின் மொழியில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்றுக்கு ஆற்றில் பிறந்த மீன் என்று பொருள். மற்றதற்கு ஆற்றுக்கு உரிய மீன் என்று பொருள். தமிழில் நாம் காட்டுமீன், பூர்வீக மீன் என்று பிரிக்கலாம். ஓசாபிளின் பழுப்பு ட்ரவுட் ஆற்றில் பிறந்தது; ஆற்றுக்கு உரியது அன்று. அதன் மூதாதை கப்பலேறி வந்தது. சங்கம் அரசை எதிர்த்து நின்றது காட்டுமீனுக்காக; பூர்வீக மீனுக்காக அன்று. இதைப் போலித்தனம் என்று நான் கூறமாட்டேன். காக்க எஞ்சியிருந்தது அதுவே. மேலும் ஆற்றின் குளிர்ச்சியையும் சரளையையும் நிழலையும் காத்தால் அதன் பயன் தவளைக்கும் நீர்நாய்க்கும் சேர்த்தே கிட்டுகிறது. ஆனால் காட்டுமீன் என்னும் சொல் வந்தேறிய வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆற்றின் வரலாறு ட்ரவுட்டிலிருந்தே தொடங்குவதாக ஓர் எண்ணத்தை அது நுழைத்துவிடுகிறது.

நமக்கும் இது முற்றிலும் அயலான கேள்வி அன்று. ஃபிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் 1860களில் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றார்; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வென்றார்; அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. இதற்கு முன்பே, 1877இல், வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் அங்கொரு சங்கம் தோன்றியிருந்தது. 1879இல் அதற்கிசைந்த சட்டமும் இயற்றப்பட்டது. உரிமமும் தடைப்பருவமும் வந்தன. அங்கே காப்பு என்ற சொல்லின் பொருள், யாருடைய பொழுதுபோக்குக்காக எதைக் காப்பது என்பதாகவே நெடுங்காலம் இருந்தது. தோடர்களிடமோ படகர்களிடமோ கருத்துக் கேட்டு எழுந்த ஏற்பாடு அன்று அது.

ஓசாபிளிலும் கேட்கப்படாதவர்கள் உண்டு. 1819, 1836 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் மிச்சிகனின் இப்பகுதி அனிஷினாபே மக்களின் கையிலிருந்து சென்றது. கிரேலிங்கோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். 1959இல் கூடிய 16 பேரின் கதையில் அவர்கள் இடம்பெறவில்லை. ஆனால் கிரேலிங்கின் கதையில் அவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். 2016இல் மாநில இயற்கைவளத் துறையும் ஒடாவா மக்களின் லிட்டில் ரிவர் பேண்டும் இணைந்து கிரேலிங்கை மீட்கும் முயற்சியை அறிவித்தன. பல்கலைக்கழகங்களும் மீன்காப்புச் சங்கங்களும் அதில் சேர்ந்தன. இம்முறை யாரும் வளர்த்த மீனை லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. முட்டைகளை ஆற்றோரமாக வைத்த கலங்களில் இட்டு, ஆற்றுநீரையே அவற்றின் ஊடே பாயவிட்டு, பொரிக்கும் குஞ்சு தன் முதல் நாளிலிருந்தே அந்த நீரைப் பழகுமாறு செய்யும் முறையைத் தேர்ந்தார்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வாளர்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று, அங்கே பழுப்பு ட்ரவுட் எவ்வளவு இருக்கிறது என்பது. அது கிரேலிங் குஞ்சைத் தின்னும், இடத்துக்கும் போட்டியிடும். 2025இல் அலாஸ்கா வழிவந்த கிரேலிங்கின் முட்டைகள் பழங்குடி அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டு மனிஸ்டி, போர்ட்மன், மேப்பிள் ஆகிய மூன்று ஆறுகளின் நீரில் இடப்பட்டன. ஓசாபிள் அந்தப் பட்டியலில் இல்லை.